கருவறைக்கு எட்டும் இசை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்டனர் நம் முன்னோர். ஐந்து வயதே கல்விக்குக் கால்கோள் இடும் பருவம் என்பது அவர்தம் கருத்து. அதற்கும் முற்பட்ட பருவத்தைச் சுட்டித் "தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்றும் கூறினர். இன்றைய பெற்றோர் தொட்டிலோடு நின்றாரல்லர். தொட்டில் கட்டுவதற்கு முன்பே, குழந்தை தாயின் வயிற்றில் வளரும்போதே, அதற்குக் கல்வி புகட்ட முனைகின்றனர். கருவுற்ற பெண்ணின் வயிற்றின்மேல் ஒலிபெருக்கியை வைத்து, வீணை இசையையோ மேனாட்டுச் செவ்விசையையோ நாள்தோறும் ஒலிக்கச் செய்யும் வழக்கம் நகரங்களில் பரவியுள்ளது. இதற்கெனவே இசைத் தொகுப்புகளும் கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. அறிவிற் சிறந்த குழந்தை பிறக்கும் என்னும் ஆசையே அவ்விற்பனைக்கு முதலாக அமைகின்றது.

இவ்வழக்கத்தைக் கண்டு நகைப்போர் உளர். கண்மூடி நம்புவோரும் உளர். கருவிலுள்ள குழந்தைக்கு இசை கேட்குமா என்பது அறிவியல் விடையளிக்க வேண்டிய வினா. கேட்குமாயின், எந்த நோக்கத்தோடு அதனைக் கேட்பிப்பது என்பது அறம் விடையளிக்க வேண்டிய வினா. முன்னதற்கு ஓரளவு விடை கிடைத்துள்ளது. பின்னதை நகைப்போரும் நம்புவோரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

செவி திறக்கும் காலம்

கருவிலுள்ள குழந்தை கேட்கும் என்பதில் இன்று ஐயமில்லை. 1983ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் இருவர், தாயின் வயிற்றருகே ஒலி எழுப்பி, மீயொலிப் படக்கருவியின் வழியே குழந்தையின் முகத்தை உற்று நோக்கினர். 24, 25 வாரங்களில் ஒலி கேட்டு இமைகளை இறுக்கும் அசைவு முதன்முதலாகத் தென்பட்டது. 28 வாரங்களுக்குப் பின்னர் அவ்வசைவு தவறாது காணப்பட்டது. ஏழாம் மாதத்திற்குள் செவி தன் வேலையைத் தொடங்கிவிடுகின்றது என்று கொள்ளலாம்.

அக்குழந்தை எவற்றைக் கேட்கின்றது? தாயின் இதயத் துடிப்பு, குருதி ஓடும் ஓசை, குடலின் இரைச்சல் ஆகியவை அதனைச் சூழ்ந்துள்ளன. வெளியிலிருந்து வரும் ஒலிகளுள் உயர்ந்த சுருதியுடையவை தசையிலும் நீரிலும் தேய்ந்து மங்குகின்றன. தாழ்ந்த ஒலிகளே நன்கு உட்புகுகின்றன. மூடிய கதவுக்கு அப்பால் ஒருவர் பேசும்போது சொல் விளங்காது. ஆயினும் பேச்சின் ஏற்ற இறக்கம் விளங்கும். கருவறையின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே. ஆனால் தாயின் குரல் காற்றின் வழியாக மட்டும் வருவதன்று. அவளுடைய எலும்பும் தசையும் அதனைச் சுமந்து வருகின்றன. ஆகவே, எந்தப் பாடகரின் குரலும் அடைய முடியாத நெருக்கத்தைத் தாயின் குரல் இயல்பாகவே அடைந்துவிடுகின்றது.

கேட்டதைக் குழந்தை நினைவிலும் வைத்துக்கொள்கின்றது. 1980ஆம் ஆண்டில் டிகாஸ்பர், ஃபைபர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட நிறையாத குழந்தைகளின் வாயில் சூப்பானைக் கொடுத்தனர். சூப்பும் முறையை மாற்றினால் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும்படி அமைத்தனர். குழந்தைகள் தாயின் குரலைக் கேட்கும் வகையில் தம் முறையை மாற்றிக்கொண்டன. 1986ஆம் ஆண்டில் டிகாஸ்பரும் ஸ்பென்சும் நடத்திய ஆய்வில், பேறுகாலத்திற்கு முந்திய ஆறு வாரங்களில் தாய்மார் நாள்தோறும் உரக்கப் படித்த கதைப்பகுதியைப் பிறந்த குழந்தைகள் இனங்கண்டு விரும்பின. 2013ஆம் ஆண்டில் எல்சிங்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருவில் பலமுறை கேட்ட குழந்தைப் பாடலின் மெட்டுக்கு அக்குழந்தைகளின் மூளை நான்கு மாத வயதிலும் சிறப்பாக மறுமொழி தந்ததை அளந்து காட்டினர்.

இவ்வாய்வுகளுள் ஒன்று நகைப்பும் சிந்தனையும் ஒருங்கே தருவது. பெல்ஃபாஸ்டு நகரில் எப்பர் என்பவர் ஓர் ஆய்வை 1988இல் வெளியிட்டார். கருவுற்றிருந்தபோது தாய் விடாது பார்த்துவந்த தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசை ஒலித்ததும், பிறந்த குழந்தை அழுகையை நிறுத்திச் செவி சாய்த்தது என்பதே அவர் கண்டது. செவ்விசை மேதையின் படைப்பையும் தொடர் நாடகத்தின் மெட்டையும் குழந்தை தரம் பிரித்துப் பார்ப்பதில்லை. தாயின் வாழ்க்கையில் எது அடிக்கடி ஒலிக்கின்றதோ அதுவே அதற்கு அறிமுகமான இசை ஆகின்றது.

சிறிய ஆய்வும் பெரிய வாணிகமும்

கேட்பது வேறு, கேட்பதால் அறிவு மிகுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியவர்கள் வாணிகர்கள். அதன் வரலாறு ஆசிரியர்கள் அறிந்திருக்கத்தக்கது.

1993ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் ராசர், ஷா, கை ஆகிய மூவர் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர் 36 பேர் மோட்சார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடங்கள் கேட்டபின், இடவடிவம் பற்றிய தேர்வில் சற்றுக் கூடுதலான மதிப்பெண் பெற்றனர். அவ்வேற்றம் கால்மணி நேர அளவே நீடித்தது. ஆய்வில் ஒரு குழந்தையும் பங்கேற்கவில்லை. ஒரு கர்ப்பிணியும் பங்கேற்கவில்லை. எனினும் 'மோட்சார்ட்டைக் கேட்கும் குழந்தை அறிவாளியாகும்' என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்விசைத் தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்குமாறு சட்டமன்றத்தைக் கேட்டார். 2010ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ நாற்பது ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, மோட்சார்ட்டின் இசைக்கு அத்தகைய தனியாற்றல் இருப்பதாகச் சான்றில்லை என முடிவு கூறினர். மோட்சார்ட் வாழ்ந்து மறைந்த நகரிலிருந்தே அம்முடிவு வந்தது.

தீங்கும் நேரக்கூடும் என்பதை மறத்தலாகாது. கர்ப்பிணியை எட்டும் மிகுந்த இரைச்சல் கருவிலுள்ள குழந்தையின் செவிக்கு ஊறு விளைக்கக்கூடும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இல் எச்சரித்தது. வயிற்றின்மேல் ஒலிபெருக்கியை அழுத்தி வைத்து ஒலியைக் கூட்டுவது அன்புச் செயல்போல் தோன்றலாம். ஆயின் உறங்கிக் கொண்டிருக்கும் சிற்றுயிரை உலுக்கி எழுப்புவதும் அதுவே ஆகலாம். கருவிலுள்ள குழந்தை பெரும்பொழுதை உறக்கத்திலேயே கழிக்கின்றது. வளர்ச்சிக்கு உறக்கமும் ஓர் உணவன்றோ?

மூன்று கதைகள் கூறும் மூன்று உண்மைகள்

கருவில் கேட்டுக் கற்ற குழந்தைகளைப் பற்றி நம்மிடையே பழங்கதைகள் உள்ளன. 'கருவிலே திருவுடையார்' என்னும் தொடரும் வழங்குகின்றது. இக்கதைகளை வயிற்றுக் கல்விக்குச் சான்றாகக் காட்டுவோர் அவற்றை முழுமையாகப் படித்தல் நன்று.

முதலாவது அபிமன்யுவின் கதை. சுபத்திரையின் வயிற்றிலிருந்தபோது, சக்கர வியூகத்தினுள் புகும் முறையைக் கேட்டறிந்தான் என்றும், வெளியேறும் முறையைக் கூறும்முன் தாய் உறங்கிவிட்டமையால் அதனைக் கேளாதொழிந்தான் என்றும் மக்கள் வழக்கில் கூறுவர். அவன் மடிந்ததற்குச் சுபத்திரையின் உறக்கத்தையே காரணமாக்கிப் பேசுவாரும் உளர். வாயும் வயிறுமாக இருப்பவள் அயர்ந்து உறங்குவது குற்றமாகுமா? பிறவாத பிள்ளைக்குக் கேட்குமாறு போர் நுணுக்கம் பேசியதே எண்ணத்தக்கது. பெரியவர்களின் பகைமை அக்குழந்தையின் பாடமாயிற்று. உள்ளே புகும் வழியைப் பெற்றவர்களின் ஆசை கற்பித்துவிடுகின்றது. வெளியேறும் வழியைக் கற்பிக்க அதற்கு நேரமிருப்பதில்லை.

இரண்டாவது அட்டவக்கிரரின் கதை. தாயின் வயிற்றிலிருந்தவாறே, தந்தை ககோடர் வேதம் ஓதுவதில் நேர்ந்த பிழையை அவர் சுட்டிக்காட்டினார். சினங்கொண்ட தந்தை, எட்டுக் கோணலுடன் பிறக்குமாறு மகனைச் சபித்தார் என்பது பாரதத்தில் வரும் செய்தி. பிள்ளை கேட்க வேண்டும், ஆனால் மறுத்துப் பேசலாகாது என்று எண்ணும் பெற்றோரின் உள்ளத்தை இக்கதை காட்டுகின்றது. எல்லாம் அறிந்த பிள்ளை வேண்டும் என்பார்க்கு, அப்பிள்ளை தம் பிழையையும் அறியும் என்பது நினைவில் இருப்பதில்லை.

மூன்றாவது பிரகலாதனின் கதை. அவன் கருவிலிருந்தபோது தாய் கயாது துணையற்ற நிலையில் இந்திரனிடம் அகப்பட்டாள். நாரதர் அவளை விடுவித்துத் தம் தவச்சாலையில் வைத்துக் காத்தார். அவளுக்கு நல்லுரைகளும் கூறினார். அவற்றைக் குழந்தையும் கேட்டது. இக்கதையில் முதலில் நிகழ்ந்தது அடைக்கலம். அறிவுரை அதன் பின்னரே வந்தது. அச்சம் நீங்கிய தாயின் வயிற்றிலேயே அக்கல்வி வேர் பிடித்தது. அப்பிள்ளை தந்தை இரணியனின் விருப்பப்படி வளரவும் இல்லை. தன் உள்ளம் கண்ட வழியே நடந்தது.

கொடையா, கடனா?

இம்மூன்று கதைகளும் ஒரே வினாவில் வந்து சேர்கின்றன. கருவிலுள்ள குழந்தைக்குக் கொடுப்பது கொடையா, அன்றி வட்டியோடு திரும்பப் பெறவேண்டிய கடனா?

பிறந்த குழந்தைக்கு மறுக்கும் வழி உண்டு. வேண்டாத உணவைத் துப்பும். வேண்டாத கையிலிருந்து திமிறும். அழுது ஊரைக் கூட்டும். கருவிலுள்ள குழந்தைக்கு அவ்வழி இல்லை. கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு இமை இல்லை. மறுக்க இயலாத ஒருவர்மீது நாம் செலுத்தும் ஆற்றல் எதுவாயினும் அது அறத்தின் ஆய்வுக்குரியது.

தாய் உண்ணும் உணவும் அவள் பேசும் மொழியும் குழந்தையின் ஒப்புதலைக் கேட்டா அதனைச் சென்றடைகின்றன என்று வினவலாம். அவ்வினா நேரியதே. எல்லா வளர்ப்பிலும் ஒரு திணிப்பு உண்டு. ஆயினும் தன் வாழ்வைப் பகிர்வதற்கும், பிறிதோர் உயிரைத் தன் திட்டத்திற்கேற்ப வனைவதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை அறிய ஓர் எளிய உரைகல் போதும். 'இப்பாட்டால் குழந்தையின் அறிவு அணுவளவும் வளராது' என உறுதியாகத் தெரிந்தபின்னும் தாய் பாடுவாளா? பாடுவாளாயின் அது கொடை. நிறுத்திவிடுவாளாயின் அது முதலீடு.

முதலீடு செய்தவர் வருவாயை எதிர்பார்ப்பது இயல்பு. பள்ளியில் மதிப்பெண் குறைந்த மாணவனைப் பார்த்து, "உனக்காக என்னவெல்லாம் செய்தோம்!" என்று கடிந்து பேசும் பெற்றோரைக் காணாத ஆசிரியர் இரார். அப்பட்டியல் கருவிலிருந்தே தொடங்குமாயின், பிறக்கும்போதே அக்குழந்தை கடனாளியாகப் பிறக்கின்றது. தான் கேளாத கடனுக்கு வாழ்நாளெல்லாம் வட்டி கட்டுகின்றது.

செவித்திறன் இன்றிப் பிறக்கும் குழந்தைகளும் உளர். பத்து மாதம் பாடிய தாய், தன் குழந்தைக்கு ஒரு பாட்டும் கேட்கவில்லை என்பதைப் பிற்பாடு அறிய நேரலாம். முதலீடு என்று கருதியவளுக்கு அது முழு இழப்பு. அன்பால் பாடியவளுக்கோ அவ்வாறன்று. வரப்போகும் உயிரை வரவேற்கத் தன் உள்ளத்தைப் பண்படுத்தினாளே, அவ்வுள்ளம் அக்குழந்தைக்குக் கிடைத்துவிட்டது. செவி கேளாவிடினும் அவ்வுள்ளம் குழந்தையைத் தூக்கும் கையிலும் பார்க்கும் கண்ணிலும் வெளிப்படும்.

தமிழ்ப் புலவர்கள் இந்நுட்பத்தை அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் பாடியோர் காப்புத் தொடங்கிப் பத்துப் பருவங்களை வகுத்தனர். தெய்வத்தையே பிள்ளையாக்கிப் பாடியபோதும், சப்பாணி கொட்டுக, முத்தம் தருக, அருகில் வருக என்றே அதனிடம் வேண்டினர். புலமை காட்டுக, புகழ் ஈட்டித் தருக என்று தளர்நடைப் பிள்ளையைக் கேட்கவில்லை.

தாய்க்குரிய அமைதி

குழந்தைக்கு இசை ஊட்டும் ஆர்வத்தில் தாயை ஒரு கருவியாக்கிவிடும் இடரும் உண்டு. சீன நாட்டுப் பழைய நூலொன்று, வென் மன்னனின் தாயான தை ரென், கருவுற்றிருந்தபோது தீயவற்றைப் பாராமலும் தீய ஒலிகளைக் கேளாமலும் இருந்தாள் எனப் போற்றுகின்றது. தாயின் ஒழுக்கமே பிள்ளையின் முதற்கல்வி என்னும் அக்கருத்து உயர்ந்ததே. எனினும் எல்லாப் பொறுப்பையும் அது தாயின் தலைமேல் ஏற்றிவிடுகின்றது. பிள்ளையிடம் குறையேதும் கண்டால், "அப்போது நீ என்ன செய்தாய்?" என அவளைக் கேட்பதற்கும் வழி திறந்துவிடுகின்றது.

கொரிய நாட்டில் சாஜுதாங் யீ என்னும் அம்மையார் 1800ஆம் ஆண்டளவில் கருவில் வளரும் குழந்தைக்குரிய கல்வி பற்றித் தனி நூலொன்று இயற்றினார். ஆசிரியர் பத்தாண்டுகள் கற்பிப்பது தாய் பத்து மாதம் வயிற்றில் கற்பிப்பதற்கு ஈடாகாது என்பது அவர் கருத்து. தந்தையின் நன்னடத்தையை அதற்கும் மேலாக வைத்தார். கருவுற்றவளைக் காப்பது குடும்பத்தார் அனைவரின் கடமை என்றும் வலியுறுத்தினார். நான்கு குழந்தைகளை வளர்த்த தாய் எழுதிய நூலாதலின், சுமை எங்கே விழுகின்றது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும்.

நம் வளைகாப்பும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. வளையலின் ஓசை குழந்தைக்குக் கேட்கும் என்று பெரியோர் சொல்வதுண்டு. ஆனால் அச்சடங்கில் வளையல் அணிவிக்கப்படுபவளும், சந்தனம் பூசப்படுபவளும், வாழ்த்துப் பாடல் கேட்பவளும் தாயே. உற்றார் அவளைச் சூழ்ந்து, 'நீ தனியே இல்லை' என்கின்றனர். மலாய் மக்களிடையே ஏழாம் மாதத்தில் நிகழ்த்தப்பெற்ற 'லெங்காங் பெருட்' சடங்கிலும் அன்புக்குரிய இடம் தாய்க்கே வழங்கப்பட்டது.

இந்நாட்டின் பால்மரக் காடுகளில் உழைத்த நம் தாய்மாரை இங்கு நினைத்தல் தகும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிறைவயிற்றோடு மரம் வெட்டி, காண்டா வாளி சுமந்தவர்கள் பலர். அவர்தம் வயிற்றிலிருந்த குழந்தைகள் கேட்டவை மேற்பார்வையாளரின் அதட்டலும் தாயின் பெருமூச்சும். வயிற்றில் இசை கேளாத அக்குழந்தைகளிலிருந்தே ஆசிரியரும் மருத்துவரும் எழுத்தாளரும் தோன்றினர். ஆகவே இசையின்றி அறிவு வளராது என்பது பொய். ஆயினும் அத்தாய்மாருக்கு ஓய்வு மறுக்கப்பட்டது சரியாகிவிடாது. மலேசிய வேலைச் சட்டத்தின்கீழ் 60 நாளாக இருந்த மகப்பேற்று விடுப்பு, 2023 சனவரி முதல் நாள்தொட்டு 98 நாளாக உயர்ந்தது. சட்டப் புத்தகத்தில் ஏறிய அந்த 38 நாள்களையும் ஒரு தாலாட்டு எனலாம். வீட்டில் கடுஞ்சொல் பேசிவிட்டு, மனைவியின் வயிற்றின்மேல் வீணை இசையை ஒலிக்கச் செய்யும் கணவன், எந்த இசை குழந்தைக்கு முதலில் எட்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் மொழி

தமிழாசிரியர்களுக்கு உவகையும் பொறுப்பும் தரும் செய்தி ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டில் ஜெர்மானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள், அறுபது பச்சிளங்குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து ஒப்பிட்டனர். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழ்ந்த சுருதியில் தொடங்கி உயர்ந்தது; ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகை உயர்ந்து தொடங்கித் தாழ்ந்தது. தத்தம் தாய்மொழியின் ஏற்ற இறக்கத்தை அவை அழுகையிலேயே காட்டின. சொல்லை அறியுமுன்பே மொழியின் இசையைக் குழந்தை அறிந்துகொள்கின்றது.

ஆங்கிலமே வீட்டுமொழியாகிவரும் குடும்பங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெருகிவருகின்றன. ஏழு வயதில் பள்ளிக்கு வரும் குழந்தைக்குத் தமிழின் ஓசையே அயலாக ஒலிப்பதைக் கண்டு ஆசிரியர் வருந்துவதுண்டு. அதற்கு மருந்தாகக் கருவிலேயே தமிழ்ப் பாட்டை ஒலிபெருக்கியில் ஊட்டலாம் என எவரேனும் கூறின், அது பழைய பிழையைப் புதிய பெயரில் செய்வதாகும். கணவனும் மனைவியும் தமக்குள் தமிழில் பேசிச் சிரிப்பார்களாயின், பாட்டி பேத்தியோடு தமிழில் கதை பேசுவாளாயின், குழந்தை அதனைத் தானே கேட்டுக்கொள்ளும். வீட்டில் வாழும் மொழியே கருவறைக்குள் நுழையும். ஒலிபெருக்கியில் மட்டும் ஒலிக்கும் மொழி அங்கும் விருந்தாளியாகவே இருக்கும்.

பாடுக, ஆயின் கேட்கவும் அறிக

ஆகவே கருவிலுள்ள குழந்தைக்குப் பாடலாமா என்பார்க்கு, பாடுக என்பதே விடை. சுருதி சேராவிடினும் தாய் தன் குரலில் பாடுக. தந்தையும் அருகிருந்து பாடுக. களைப்பு மேலிடும்போது பாட்டை நிறுத்தி உறங்குக. அவ்வுறக்கத்தால் எந்த அபிமன்யுவும் மடியப் போவதில்லை. பாட்டிற்கு ஈடாக எதையும் எதிர்பாராதிருப்பதே அப்பாட்டிற்குரிய அறம்.

மக்கட்பேறு பற்றிப் பாடிய வள்ளுவர், மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதைத் தந்தையின் கடமையாகக் கூறியுள்ளார். அதே அதிகாரத்தில் குழலையும் யாழையும் பற்றியும் பேசுகின்றார். குழந்தைக்கு அவற்றை இசைத்துக் காட்டுமாறு அவர் சொல்லவில்லை. தம் மக்களின் மழலையைக் கேளாதவரே அவற்றை இனியவை என்பர் என்கின்றார். அங்கே இசை குழந்தையிடமிருந்து பிறக்கின்றது; பெற்றோர் கேட்பவராக அமர்ந்திருக்கின்றனர்.

பத்து மாதம் நாம் பாடக் கேட்ட உயிர், வெளிவந்ததும் தன் குரலை எடுக்கின்றது. அக்குரல் நாம் கற்பித்த பாட்டாக இராது; நாம் விரும்பிய பண்ணிலும் அமையாது. அதனைப் பொறுமையோடும் மகிழ்வோடும் கேட்கக் கற்றவரே, கருவிலிருந்த குழந்தைக்கும் உண்மையாகப் பாடியவர் ஆவார்.